ஒன்றரை சென்டிமீட்டர் பயணம்

யாரோ நினைக்கிறார்கள்

சாப்பிடும்போது புரையேறினால் நம் வீடுகளில் இரண்டு காரியம் நடக்கும். பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் தட்டுவார். "யாரோ நினைக்கிறாங்க" என்று இன்னொருவர் சொல்வார். நினைத்தது அத்தையா, வெளியூரில் இருக்கும் அண்ணனா என்று பேசி முடிப்பதற்குள் இருமல் அடங்கிவிடும். சாப்பாடு தொடரும்.

பக்கவாதம் வந்தவர் இருக்கும் வீட்டில் இந்த விளையாட்டு நின்றுபோகிறது. அங்கே வேறு ஒரு கேள்வி எழுகிறது. குழைந்த சாதத்தை மசித்துக் கொடுத்தால் இறங்குகிறது. சாம்பாரில் பிசைந்த இட்லி இறங்குகிறது. வெறும் தண்ணீரை ஒரு வாய் கொடுத்தால் மட்டும் கண் பிதுங்க இருமுகிறார். மெல்லத் தேவையில்லாத, தானாக வழுக்கிக்கொண்டு போகிற தண்ணீரில் ஏன் புரையேற வேண்டும்?

அதைவிட விளங்காத இன்னொன்றும் உண்டு. சிலர் இருமாமல், திணறாமல் சாப்பிட்டு முடிப்பார்கள். வீட்டார் நிம்மதியாகப் பாத்திரத்தைக் கழுவி வைப்பார்கள். சில நாளில் காய்ச்சல் வரும், மூச்சு வாங்கும். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நிமோனியா. நன்றாகத்தானே சாப்பிட்டார்?

இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. தாடையும் கழுத்தும் சேரும் மடிப்பில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது நகர்கிறதா, எவ்வளவு நகர்கிறது, எப்போது நகர்கிறது என்பதைக் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே ஸ்கேன் கருவியைக் கொண்டு பார்க்கலாம். இந்த அத்தியாயம் அந்த எலும்பைப் பற்றியது.

சந்திப்பில் ஒரு விநாடி

ஒரு சின்னப் பரிசோதனை. கழுத்தின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் குரல்வளை மேட்டில் விரலை லேசாக வைத்து எச்சிலை விழுங்குங்கள். மேடு விரலை விட்டு மேலே எகிறிக் குதித்து, மறுபடி பழைய இடத்துக்கு வந்து உட்காரும். அந்தக் குதிப்புதான் நம்மைப் புரையேறாமல் காக்கிறது.

காற்றும் உணவும் தொண்டையில் ஒரே பாதையில் வருகின்றன. தொண்டைக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிறது. முன்னால் இருப்பது நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்குழாய். பின்னால் இருப்பது வயிற்றுக்குப் போகும் உணவுக்குழாய். மூச்சுக்குழாயின் வாசல் எப்போதும் திறந்திருக்கும், உணவுக்குழாயின் வாசல் எப்போதும் மூடியிருக்கும். விழுங்கும் அந்த ஒரு விநாடிக்கு மட்டும் இது தலைகீழாக மாற வேண்டும்.

மாற்றுவது யார்? நாக்கின் அடியில், குதிரை லாடத்தின் வடிவில் ஓர் எலும்பு தொங்குகிறது. மற்ற எலும்புகளோடு மூட்டாக இணையாமல் தசைகளும் நாண்களும் தாங்கிப் பிடித்திருக்கும் எலும்பு அது. பாடப்புத்தகம் ஹையாய்டு என்கிறது. நாம் நாவடி எலும்பு என்போம். விழுங்கும்போது தாடைக்கடியில் உள்ள தசைகள் இதை மேலும் முன்னும் இழுக்கின்றன. அதோடு கட்டப்பட்டிருக்கும் குரல்வளையும் கூடவே ஏறி, நாக்கின் வேருக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்கிறது. குரல்வளை மூடி அதன்மேல் கவிழ்கிறது. குரல்நாண்கள் நெருங்கிச் சேர்கின்றன. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. அதே இழுப்பில் பின்னாலிருக்கும் உணவுக்குழாயின் வாய் விரிகிறது. கவளம் உள்ளே போனதும் எல்லாம் பழையபடி.

இவ்வளவும் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள். இருபதுக்கும் மேற்பட்ட இணைத் தசைகள் வரிசை தப்பாமல் சுருங்க வேண்டும். மூளையிலிருந்து நேரே கிளம்பும் நரம்புகளில் ஐந்து இணைகள் இதற்காக உழைக்கின்றன. சாப்பிடாத நேரத்திலும், தூக்கத்திலும்கூட, எச்சிலை விழுங்க இதே ஏற்பாடுதான். ஒரு நாளில் பல நூறு முறை நடக்கும் இந்த வேலையை நாம் ஒரு முறைகூட யோசித்துச் செய்வதில்லை.

பக்கவாதம் எங்கே கை வைக்கிறது?

விழுங்குதலின் கட்டளை மையம் மூளையின் அடித்தண்டில், முகுளத்தில் இருக்கிறது. ஆனால் அது தனியாக இயங்குவதில்லை. மேலே, பெருமூளையின் இரண்டு பாதிகளிலும் விழுங்குவதற்கென்று இடங்கள் இருக்கின்றன. 1990களில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஷஹீன் ஹம்டி, காசிம் அஸிஸ் ஆகியோரின் குழு, தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளைச் செலுத்தி இதை ஆராய்ந்தது. இரு பாதிகளிலும் விழுங்குவதற்கான இடம் இருந்தாலும், பெரும்பாலோருக்கு ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருப்பதைக் கண்டார்கள். வலக்கைப் பழக்கம், இடக்கைப் பழக்கம் போல இது விழுங்கும் பழக்கம். வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

பக்கவாதம் பெரிய பக்கத்தைத் தாக்கினால் விழுங்குதல் தடுமாறுகிறது. சிறிய பக்கத்தைத் தாக்கினால் தப்பித்துக்கொள்கிறது. ஒரே அளவு அடைப்பு உள்ள இருவரில் ஒருவர் மறுநாளே காபி குடிப்பதும், மற்றவர் மூக்கில் குழாயோடு படுத்திருப்பதும் இதனால்தான். இன்னொரு நல்ல செய்தியையும் இந்தக் குழு சொன்னது. விழுங்கும் திறன் திரும்புகிறவர்களுக்கு, அடிபடாத பக்கத்தில் இருந்த சிறிய இடம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் பெரிதாகிறது. தம்பி பொறுப்பை எடுத்துக்கொள்கிறான்.

அதுவரை என்ன நடக்கும்? கட்டளை தாமதமாக வரும், தசைகள் தளர்ந்து இழுக்கும். இப்போது தண்ணீரின் புதிருக்கு விடை கிடைத்துவிடுகிறது. மசித்த சாதம் நாக்கின் பின்பக்கத்தில் மெல்ல நகர்கிறது. அது சந்திப்பை அடைவதற்குள், தாமதமாகக் கிளம்பிய நாவடி எலும்பும் ஒருவழியாக மேலே வந்து சேர்ந்துவிடுகிறது. தண்ணீர் காத்திருக்காது. வாசல் மூடுவதற்கு முன்பே பாய்ந்து திறந்திருக்கும் குழாயில் இறங்கிவிடும். விழுங்க எளிது என்று நாம் நினைத்த அந்த வழுக்கலே ஆபத்தாகிறது.

இருமல் வராத புரை

மூச்சுக்குழாயில் ஏதாவது விழுந்தால் இருமல் வர வேண்டும். இருமலும் நரம்பின் வேலைதான். உள்ளே விழுந்ததைத் தொட்டு உணரும் நரம்புப் பாதையையும் பக்கவாதம் மரக்கச் செய்திருந்தால், எச்சிலும் கஞ்சியும் நுரையீரலுக்குள் இறங்கும்போதும் நோயாளி அமைதியாகவே இருப்பார். இதைச் சத்தமில்லாப் புரை என்று அழைப்போம். இரண்டாவது புதிருக்கு விடை இது.

இது எத்தனை பேருக்கு? எப்படித் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான ஒரு கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் எளிய சோதனைகளில், பக்கவாதம் வந்தவர்களில் 37 முதல் 45 சதவீதம் பேருக்கு விழுங்கும் சிரமம் தெரிந்தது. கருவிகளை வைத்து உள்ளே பார்த்தபோது அது 64 முதல் 78 சதவீதம் ஆனது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தப்புகிறவர்கள் அத்தனை பேர். புரையேறுகிறவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு, மற்ற நோயாளிகளைவிடச் சுமார் 11 மடங்கு என்றும் அதே கட்டுரை கணக்கிட்டது.

உள்ளே பார்க்க இரண்டு வழிகள் நிலைபெற்றுள்ளன. ஒன்று எக்ஸ்ரே திரைப்படம். பேரியம் கலந்த உணவை நோயாளி விழுங்க, அது போகும் பாதையைப் படமாக எடுப்பார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜெரி லோகமன் இதை ஒழுங்கான சோதனையாக வளர்த்தெடுத்தார். மற்றொன்று, மெல்லிய கேமராவை மூக்கு வழியாக விட்டுத் தொண்டையை மேலிருந்து பார்ப்பது. சூசன் லாங்மோரும் உடன் பணியாற்றியவர்களும் 1988இல் இதை வெளியிட்டார்கள். இரண்டும் நம்பகமானவை. ஆனால் எக்ஸ்ரேவுக்கு நோயாளியை வேறு அறைக்குக் கொண்டுபோய் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், கதிர்வீச்சும் உண்டு. அடிக்கடி எடுக்க முடியாது. கேமராவைச் செலுத்தத் தேர்ந்த கை வேண்டும். கொரோனா காலத்தில் இருமலும் துளியும் தெறிக்கும் சோதனை என்பதால் பல இடங்களில் அதை ஒதுக்கி வைக்க நேர்ந்தது. கட்டிலருகே, தினமும், வலியில்லாமல் செய்யக்கூடிய ஒன்று வேண்டியிருந்தது.

எதிரொலியால் அளப்பது

மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகள்வரை கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், உலோகத்தில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியை வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கத் தொடங்கி, 1958இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அங்கிருந்துதான் இன்றைய ஸ்கேன் அறை பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் தாமஸ் ஷாக்கர், பார்பரா சோனீஸ் ஆகியோரின் குழு அதே ஒலியைத் தாடைக்கடியில் செலுத்தி, விழுங்கும்போது நாக்கும் நாவடி எலும்பும் அசைவதைப் பார்த்தது.

கருவி செய்வது கிணற்றில் குரல் கொடுப்பது போன்றதுதான். ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறது. உடலின் மென்மையான திசுக்களில் ஒலி விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் ஓடும். 4 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதைத் தொட்டுத் திரும்ப 8 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அதற்கு ஆகும் நேரம், ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாகப் பிரித்தால் அதில் 52 கூறு.

அவ்வளவு சிறிய நேரத்தால் நமக்கு என்ன லாபம்? கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுவோம். 8 சென்டிமீட்டர் ஆழம்வரை பார்க்க, ஒரு கோட்டுக்கு 104 கூறு நேரம் ஆகும். அப்படி 200 கோடுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஒரு படம். ஒரு படத்துக்கு 20,800 கூறு. அதாவது விநாடிக்கு 48 படங்கள். சினிமாவுக்கு 24 போதும். ஒரு விநாடியில் முடிந்துபோகும் விழுங்குதலை ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்.

ஒரு மடக்கு, இரண்டு அளவுகள்

இப்போது ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். அவரும் அவருடைய எண்களும் விளக்கத்துக்காக நான் வைப்பவை.

வயது 62. மூளையில் அடைப்பு ஏற்பட்டு நான்காம் நாள். மூக்கில், உணவு செலுத்துவதற்கான ரைல்ஸ் டியூப். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவரை உட்கார வைக்கிறார்கள். தாடைக்கடியில் ஜெல் தடவி, ஸ்கேன் புரோபை நடுக்கோட்டில், தசையை அழுத்தாமல் வைக்கிறார்கள். திரையில் இரண்டு கறுப்பு நிழல்கள் தெரிகின்றன. எலும்பு ஒலியைத் தன்னைத் தாண்டிப் போக விடாது. அதனால் எலும்பின் விளிம்பு வெள்ளையாகவும் அதற்குப் பின்னால் இருட்டாகவும் இருக்கும். ஒரு நிழல் தாடை எலும்பு, மற்றது நாவடி எலும்பு. இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் தசைகள். அதற்கும் மேலே வெள்ளை வளைவாக நாக்கின் மேற்பரப்பு.

ஒரு தேக்கரண்டித் தண்ணீர், சுமார் 5 மில்லி, வாயில் விடப்படுகிறது. "விழுங்குங்க ஐயா" என்கிறார் விழுங்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட். திரையில் நாக்கு தடித்து எழும்புகிறது. நாவடி எலும்பின் நிழல் தாடையின் நிழலை நோக்கி ஓடுகிறது, நிற்கிறது, திரும்புகிறது. படத்தைப் பின்னோக்கி ஓட்டி, நிழல் கிளம்பிய இடத்தில் ஒரு புள்ளியும் அது எட்டிய எல்லையில் ஒரு புள்ளியும் வைக்கிறார்கள். மூன்று மடக்குகளில் அளந்தால் 1.0, 1.2, 1.1 சென்டிமீட்டர். சராசரி 1.1. நாக்கின் தடிமன் 4.2 சென்டிமீட்டரிலிருந்து 5.0 வரை போனது. மாற்றம் 0.8.

இந்த எண்கள் நல்லவையா, கெட்டவையா? தைவானில் பக்கவாத நோயாளிகளை இப்படி அளந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குழாய் வழியாக மட்டுமே உணவு எடுப்பவர்களை மற்றவர்களிலிருந்து பிரிக்க அவர்கள் முன்வைத்த எல்லைகள் இரண்டு: நாவடி எலும்பின் பயணம் 1.5 சென்டிமீட்டர், நாக்குத் தடிமனின் மாற்றம் 1 சென்டிமீட்டர். நம் நோயாளி இரண்டிலும் கீழே இருக்கிறார்.

மூன்றாவது விஷயம் நேரம். நாக்கு தள்ளத் தொடங்கிய படத்துக்கும் நாவடி எலும்பு கிளம்பிய படத்துக்கும் நடுவே 38 படங்கள். விநாடிக்கு 48 படம் என்றால், முக்கால் விநாடிக்கும் மேல் தாமதம். தண்ணீர் முந்திக்கொள்ளும் இடைவெளி இதுதான்.

மூன்று வாரப் பயிற்சிக்குப் பின் அதே அளவுத் தண்ணீரோடு மறுபடி அளக்கிறார்கள். பயணம் 1.6, நாக்கு மாற்றம் 1.2, தாமதம் 10 படங்கள். மூளையின் தம்பி வேலைக்கு வந்துவிட்டான் என்று இந்த மூன்று எண்களும் சொல்கின்றன. இங்கே எல்லைக்கோட்டைத் தாண்டினாரா என்பதைவிட, மூன்று வாரத்துக்கு முந்தைய அவருக்கும் இன்றைய அவருக்கும் உள்ள வித்தியாசம்தான் அதிகம் பேசுகிறது. ஆளுக்கு ஆள் கழுத்தின் நீளம் வேறு. அவரை அவரோடு ஒப்பிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

காற்று இழுக்கும் திரை

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. நாம் அஞ்சும் அந்தக் காட்சியை, தண்ணீர் மூச்சுக்குழாயில் விழுவதை, இந்தக் கருவி நேராகக் காட்டுவது அரிது. திசுவிலிருந்து காற்றுக்குள் நுழையும் எல்லையில் ஒலி ஏறக்குறைய முழுதும் திரும்பிவிடும். தோலுக்கும் புரோபுக்கும் நடுவே காற்று புகாமல் இருக்கத்தானே ஜெல் தடவுகிறோம். காற்று நிறைந்த மூச்சுக்குழாயின் உட்புறம் ஒலிக்கு மூடிய வீடு. டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு, கழுத்தின் மேலிருந்து எடுத்த படங்களைக் கணினியால் தெளிவாக்கி, உள்ளே இறங்கும் உணவின் தடத்தைத் தேடும் முறையை 2014இல் வெளியிட்டது. அது வளர்ந்துவரும் வழி. இன்றைக்குப் பொதுவாக இந்த ஸ்கேன் திருடனைப் பிடிப்பதில்லை, காவலாளி எழுந்து நிற்கிறானா என்று பார்க்கிறது.

அதனால் தவறும் வரும். மேலே சொன்ன எல்லைக்கோடுகள், குழாய் தேவைப்படுபவர்களில் பத்துக்கு ஏழு பேரைச் சரியாகக் கண்டுபிடித்தன. தேவைப்படாதவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைச் சரியாக விடுவித்தன. 100 நோயாளிகளில் 30 பேருக்கு உண்மையில் குழாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் 21 பேரைப் பிடிக்கும், 9 பேரைக் கோட்டைவிடும். மீதி 70 பேரில் சுமார் 23 பேரை வீணாகச் சந்தேகிக்கும். ஸ்கேன் விரல் நீட்டும் 44 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் நிரபராதிகள். தனியாக இதை மட்டும் நம்பி ஒருவருக்குக் குழாய் போடவோ எடுக்கவோ கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். படுக்கையருகே செய்யும் தண்ணீர்ச் சோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே அல்லது கேமரா, நடுவே முன்னேற்றத்தை அளக்க ஸ்கேன். அதன் இடம் அது.

நம் நாட்டில் இன்னொரு தடையும் இருக்கிறது. ஸ்கேன் மையங்களின் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிப்பது குற்றம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். பெண்சிசுவைக் காக்க 1994இல் வந்த சட்டம் அது. அதன்படி, கருவைப் பார்க்கும் திறனுள்ள கருவியும் அது இருக்கும் இடமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். எடுத்துச் செல்லும் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். தேவையான சட்டம்தான். ஆனால் கையடக்க ஸ்கேன் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்பீச் தெரபிஸ்ட் கட்டிலுக்குக் கட்டில் போவது இங்கே அவ்வளவு எளிதல்ல. பதிவு பெற்ற இடமும், அதற்குரிய மருத்துவரும் கூட இருந்தால்தான் நடக்கும்.

கருவிக்கு முன்னால்

ஸ்கேன் கருவி எல்லா வார்டுக்கும் வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. அங்கே செவிலியர்களுக்கு மூன்றே விஷயங்களில் பயிற்சி கொடுத்தார்கள்: காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல். மூன்றையும் உடனுக்குடன் கவனித்த பிரிவுகளில், 90 நாளுக்குப் பின் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து 42 சதவீதம். வழக்கமான கவனிப்புள்ள பிரிவுகளில் 58 சதவீதம். புதிய மருந்து எதுவும் இல்லை. கவனித்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் நாம் முதலில் செய்வது என்ன? பதற்றத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் வைக்கிறோம். சோடா உடைக்கிறோம். இருக்கும் மாத்திரையைப் போட்டு விழுங்கச் சொல்கிறோம். அன்பாகச் செய்யும் இந்தக் காரியம் அந்த நேரத்தில் ஆபத்தானது. 108ஐ அழையுங்கள். வாயில் ஒரு சொட்டும் விடாதீர்கள். மருத்துவமனையில் உணவோ தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கச் சொன்னால், "விழுங்கும் சோதனை முடிந்துவிட்டதா?" என்று கேளுங்கள். சாப்பிடலாம் என்று சொன்ன பிறகும், நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுங்கள். சாப்பிட்டபின் குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தால், இருமல் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தினமும் வாயைச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே இறங்குவது எச்சிலே ஆனாலும், அதில் கிருமி குறைவாக இருந்தால் நிமோனியாவின் ஆபத்தும் குறையும்.

உச்சந்தலையில் தட்டுவதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பக்கவாதம் வந்தவருக்குப் புரையேறினால் யார் நினைத்தார்கள் என்று தேட வேண்டாம். கொடுப்பதை நிறுத்துங்கள், ஸ்பீச் தெரபிஸ்டைத் தேடுங்கள்.